வேன் முதலில் நிற்கும் இடம்

மாஸ்டரக்காவுக்குச் சாதி, மதம், தெரு எதுவும் தெரியாது, பச்சைக் குழந்தை மாதிரி என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. சுத்தப் பொய். அவருக்கு எல்லாம் தெரியும். பென்னாகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, எந்தத் திருவிழாவில் யார் சட்டையை யார் பிடித்தார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. வேலை கேட்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், மீதியை இவரே சொல்லிவிடுவார். சொல்லி முடித்துவிட்டு, "செரி, அதெல்லாம் கெடக்கட்டும். கையக் காட்டு" என்பார்.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊசி ஏறிய தழும்பு இருக்கிறதா, கத்தரி பிடித்த இடம் காய்த்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அப்புறம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்துக் காலர் தைக்கச் சொல்வார். காலரின் முனை கூராக வந்தால் வேலை. மழுங்கி வந்தால், ஒன்றுவிட்ட அக்கா மகளாக இருந்தாலும் பட்டன் பிரிக்கிற வேலைதான். அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி இரண்டு வருடம் பட்டன் பிரித்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தையல் தொழிலில் துணி வெட்டுகிறவருக்கு மாஸ்டர் என்று பெயர். பெரும்பாலும் ஆண்கள்தான் அந்த வேலையில் இருப்பார்கள். இவர் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் நூல் பிசிறு வெட்டச் சேர்ந்து, பன்னிரண்டு வருடத்தில் மாஸ்டராகி, அங்கே ஏதோ சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். என்ன சண்டை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை வரும். பென்னாகரத்தில் நிலக்கடலை மூட்டை அடுக்கிக் கிடந்த ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்து நாற்பது மெஷின் போட்டார். பெங்களூரிலிருந்து துணியாக வரும், சட்டையாகத் திரும்பிப் போகும். நாங்கள் அதைக் கம்பெனி என்போம். நான் அங்கே காலர் தைத்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய கதை.

ஆள் குட்டை. நல்ல பருமன். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் சட்டை தைக்கிற நூலையே முறுக்கிக் கட்டியிருப்பார். கழுத்தில் ஒரு இன்ச் டேப், ஒரு ஸ்டாப் வாட்ச். அந்த வாட்சைப் பார்த்தாலே எங்களுக்குச் சிறுநீர் முட்டும், ஆனால் எழுந்து போக முடியாது, போனால் அதற்கும் நேரம் பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு நேரம் பார்ப்பார். பேருந்து நிலையத்தில் நடத்துனர் டீ குடிப்பதற்கு நேரம் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த ஃபாதரிடம், "போன வாரத்துக்கு நாலு நிமிஷம் கூடங்க ஃபாதர். நடுவுல ஒரே விஷயம் மூணு தடவ வந்துச்சு" என்றாராம். ஃபாதர் மறு வாரம் சுருக்கமாகப் பேசினார் என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் நம்பவில்லை.

எங்களை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். தைக்கிற பாகம்தான் பெயர். நான் காலரு. கை மூட்டுகிறவள் கையி. பாக்கெட் வைக்கிறவள் பாக்கெட்டு. "ஏ பாக்கெட்டு, என்னா தூங்கறியா?" என்று ஒரு குரல் கொடுத்தால் குடோன் தகரம் அதிரும். ஒரு தடவை பாக்கெட்டின் மாமனார் கம்பெனிக்கு வந்திருந்தபோது, "உங்க பாக்கெட்டு தங்கமான புள்ளைங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரியவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவரிடமும் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. ஆண்களை மெஷினில் உட்கார வைக்கவே மாட்டார். "ஆம்பளைங்க டீக்கு எந்திரிச்சா பீடி, பீடி முடிஞ்சா அரசியல். நம்மளுக்குக் கட்டுப்படியாவாது" என்பார். இஸ்திரி போடுகிற ஒருவரையும் வேன் ஓட்டுகிற மாதையன் அண்ணனையும் தவிர அங்கே ஆண் வாடையே கிடையாது. நாட்டில் உள்ள எல்லாரையும் சேர்த்துக்கொண்ட மனசு பாதி ஜனத்தொகையை வெளியே நிறுத்தியிருந்தது என்று நான் பின்னாளில் அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்தாரே தவிர மாறவில்லை.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தோம். எங்கள் ஊரைத் தாண்டி ஒரு இரண்டு கிலோமீட்டர் போனால் காலனி. அங்கிருந்து பதினாறு பேர். காலனி என்றால் யார் குடியிருக்கும் இடம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நாங்கள் எல்லாரும் எங்கள் வழக்கப்படி ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தோம். அவர்கள் அவர்கள் வழக்கப்படி மறு பக்கம் உட்கார்ந்தார்கள். மறுநாள் மாஸ்டரக்கா எங்களைக் கலைத்து, யாருக்கு எந்த வேலை கைவருகிறதோ அந்த மெஷினில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு அடுத்த மெஷின் செல்விக்கு வந்தது. செல்வி காலனி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

சட்டையை ஒரே ஆள் தைப்பதில்லை. நான் காலர் தைத்துக் கட்டிக் கொடுத்தால் அதைச் செல்வி உடம்போடு பொருத்துவாள், அங்கிருந்து கைக்குப் போகும், அங்கிருந்து பட்டனுக்கு. காலர்க் கட்டு ஒவ்வொன்றையும் மேசை ஓரத்தில் வைப்பேன். அவள் எட்டி எடுத்துக்கொள்வாள். அப்படிச் செய் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கை தானாகச் செய்தது. அவளும் அதை எதிர்பார்த்தே எட்டினாள். அரை நாள் என் பின்னால் நின்று பார்த்த மாஸ்டரக்கா வாட்சை அமுக்கினார்.

"ஏ காலரு. நீ மேசையில வக்கிற, அவ எட்டி எடுக்கறா. மூணு செகண்டு. கைக்குக் கை குடுத்தா ஒண்ணு. ஒரு நாளைக்கு எத்தன கட்டு போவுது? அந்த ரெண்டு ரெண்டு செகண்டெல்லாம் சேத்துப் பாரு. நம்ம கம்பெனி தெனமும் ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா நிக்குது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. குனிந்துகொண்டேன்.

"நான் உன்ன அவளக் கட்டிப் புடிச்சுக்கச் சொல்லல. கட்டக் குடு. அவ்ளோதான்" என்றார்.

கொடுத்தேன். வரிசை முழுக்க அப்படியே ஆனது. மேசையில் வைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் சட்டை கூடுதலாக முடிந்தது. "மிச்சமான நேரத்துக்கு" என்று சொல்லி எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்த முதல் போண்டாவும் அதுதான், ரொம்ப நாளைக்குக் கடைசிப் போண்டாவும் அதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தலையிட மாட்டார். "மெஷின் நேரம் என் நேரம். சோத்து நேரம் உங்க நேரம். எங்க வேணா குந்திச் சாப்புடுங்க" என்பார். நாங்கள் கூரைக்கு அடியில், அவர்கள் வேப்பமரத்துக்கு அடியில். ஆனால் இவர் தன் டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் வருவார். நாக்கு நீளம் என்றால் அப்படியொரு நீளம். அங்கே கருவாட்டுக் குழம்பில் ஸ்பூனை விட்டு எடுத்து, நேராக இங்கே வந்து என் மொச்சைக் குழம்பில் விடுவார். "ஏ காலரு, புளி கம்மி" என்பார். அந்த ஸ்பூன் எங்கெங்கே போய்விட்டு வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் மாஸ்டரக்காவின் எச்சிலை வெறுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதத்தில் மாவு ஆட்டுகிற வேலை அலுத்துப்போவது மாதிரி அந்தக் கூச்சமும் அலுத்துப்போனது. அவர் வேண்டுமென்றே செய்தாரா, பசியில் செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பசிக்குத்தான் அதிக வாய்ப்பு.

தர்மபுரியில் ஒரு கூட்டம் நடந்தது. தொழில் நடத்தும் பெண்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மேடையில் ஒரு பெரிய அதிகாரி நாட்டின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றி நீளமாகப் பேசினார். சாலை, மின்சாரம், முதலீடு, ஏற்றுமதி என்று வரிசையாகச் சொன்னார். மாஸ்டரக்கா மடியில் வாட்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வணக்கம் கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"சார் எல்லாஞ் சொன்னீங்க. நல்லா இருந்துச்சு. எங்க கம்பெனில ஒரு சட்ட ஆவறதுக்கு இருவது கை மாறணுங்க. இவ கைய அவ தொடமாட்டேன்னு சொன்னா சட்ட அங்கியே நிக்குது. ரோடு எவ்ளோ நல்லா இருந்தாலும் நிக்குது, கரண்டு இருந்தாலும் நிக்குது. நாட்டுல இந்த மாதிரி எத்தன எடத்துல எத்தன சட்ட நிக்குதுன்னு நீங்கதான் சார் கணக்கெடுக்கணும். வளர்ச்சி எங்க போச்சுன்னு தேடறாங்க. அங்கதான் குந்தினு கெடக்குது."

அவ்வளவுதான் பேச்சு. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவர் தட்டுகிறாரா என்று பார்த்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பி வரும் பேருந்தில் அதைப் பிரித்துத் தேய்த்துப் பார்த்து, "சாயம் போவும். பாக்கெட்டுக்கு உள்துணி கூட ஆவாது" என்றார். எனக்கு அன்று அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று உறைக்கவே இல்லை. கட்டைக் கையில் கொடுக்கிறேனே, அப்புறம் எனக்கென்ன என்ற நினைப்பு.

அந்த நினைப்பில் மண் விழுந்தது வேனால்தான்.

கம்பெனி வேன் காலையில் பென்னாகரத்திலிருந்து கிளம்பும். முதலில் எங்கள் ஊர் வரும். எங்களை ஏற்றிக்கொண்டு காலனி வரை போய், அவர்களை ஏற்றிக்கொண்டு, அதே சாலையில் எங்கள் ஊர் வழியாகவே திரும்பும். யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். திரும்பி வரும்போது நாங்கள் ஏறினால் காலனிக்குப் போய்வரும் நேரம் எங்களுக்கு மிச்சம். ஆனால் போகும்போதே ஏறினால் சீட் பிடிக்கலாம். வேனில் இருபத்தாறு சீட். நாங்கள் பதினெட்டுப் பேர். மீதி எட்டு சீட்டில் எங்கள் பைகளும் தூக்குப் போசிகளும் உட்கார்ந்து வரும். காலனிப் பெண்கள் பதினாறு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருவார்கள். சாயங்காலமும் அப்படியே. என் பையும் ஒரு சீட்டில் இருந்தது. மூன்று வருடம் இருந்தது.

வேன் தினமும் ஏன் தாமதமாகிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை மாஸ்டரக்கா வாட்சோடு முன் சீட்டில் ஏறி வந்தார். எங்கள் ஊரில் நாங்கள் ஏறினோம். காலனியில் அவர்கள் ஏறினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். பைகளைப் பார்த்தார், நிற்கிறவர்களைப் பார்த்தார். வாட்சை அமுக்க மறந்துவிட்டார் என்று மாதையன் அண்ணன் பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். "திங்கக்கெழமலருந்து வேன் மொதல்ல காலனிக்குப் போவும். திரும்பி வரும்போது நீங்க ஏறிக்குங்க. டீசல் அதேதான். உங்களுக்குப் பன்னெண்டு நிமிஷம் மிச்சம், வூட்ல இன்னும் ரெண்டு தோச சுட்டுட்டு வரலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் நிறுத்தத்தில் நின்ற எங்களைத் தாண்டி வேன் போனது. திரும்பி வந்தபோது ஜன்னல் ஓரங்களில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து சீட் காலியாக இருந்தது. மாதையன் அண்ணன் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். எங்களில் ஒருத்தியும் ஏறவில்லை.

"ஏறுங்கம்மா, நேரமாவுது" என்றார்.

"நாங்க வரலன்னு அக்காகிட்ட சொல்லுங்கண்ணே" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான்.

வீட்டில் மாமியார் என்னை மெச்சினார். "அவளுங்க குந்தினு வருவாளுங்க, நீ அவளுங்க முன்னால நின்னுகினு போவியா? வேலயாவது மயிராவது. வூட்டு மானம் என்னா ஆவறது?" ஊரில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. மாஸ்டரக்கா சொல்லி அனுப்பினார்: ஒரு வாரம் அவர்கள் முதலில், ஒரு வாரம் நீங்கள் முதலில், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் கூட முடியாது என்று நாங்கள் பதில் அனுப்பினோம்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில வாரம்தான் இருந்தது. கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது சீருடைச் சட்டை. சொன்ன நாளுக்குப் போகாவிட்டால் பெங்களூர்க்காரர்கள் இனிமேல் துணி அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். துணி வராவிட்டால் கம்பெனி இல்லை. அது எங்களுக்கும் தெரியும், அதை வைத்துத்தான் நாங்கள் வீம்பு பிடித்தோம். இரண்டு செகண்டுக்கு உயிரை விடுகிற மனுஷி, நாற்பதில் பதினெட்டு மெஷின் சும்மா நிற்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? புதன்கிழமை வளைந்து கொடுப்பார் என்றாள் பாக்கெட்டு. வியாழக்கிழமை என்றேன் நான். தினமும் காலையில் வேன் எங்கள் நிறுத்தத்தில் வந்து நின்று, கதவைத் திறந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சனிக்கிழமையும் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் தூது அனுப்பினார்கள். பூசை முடிந்து வீட்டில் இருப்பார் என்று போனேன், இல்லை. கம்பெனியில் இருந்தார். பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு, என் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பக்கத்தில் தைத்து முடித்த காலர்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் என் வேலை. ஆனாலும் வந்த வேலையைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்கதான எப்பவும் நேரம் நேரம்ங்கறீங்க. வேன் பழையபடி வந்தா கம்பெனிக்கு ஒரு நிமிஷமும் நஷ்டமில்லீங்களே. டீசலும் அதேதான்னு நீங்களே சொன்னீங்க. இப்ப இந்தப் பிடிவாதத்துல ஆறு நாள் போச்சு. உங்க வாட்ச வச்சே பாருங்க, எது லாபம்?"

மெஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமா புள்ள. பழையபடி உடறதுதான் லாபம். நானும் பாத்துட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏங்கா?"

"லாபம்னு சொன்னாத்தான் நீங்கெல்லாம் கேப்பீங்க. நாயம்னு சொன்னா ஒருத்தியும் காது குடுக்க மாட்டீங்க. அதனால லாபம்னு சொன்னேன். கட்டக் கையில குடுத்தா லாபம், சேந்து குந்துனா லாபம். அது பொய்யும் இல்ல. அங்க லாபமும் இருந்துச்சு." கண்ணாடியை முந்தானையில் துடைத்தார். "இங்க லாபமில்ல. அதுக்கு? லாபமில்லன்னா அந்தப் பொம்பளைங்க காலத்துக்கும் நின்னுகினே வரணுமா?"

தர்மபுரியில் அத்தனை பேர் முன்னால் அவர் பேசியதைவிட இது ரொம்பச் சின்னப் பேச்சு. குரலை உயர்த்தக்கூட இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எங்களிடம் பேசிப் பேசிப் பழகி, நல்ல வார்த்தைக்குக்கூட வாட்சைக் கட்டிவிட வேண்டியதாகியிருக்கிறது இந்த மனுஷிக்கு என்று நினைத்தேன். அப்படி ஆக்கியது நாங்கள்தான்.

"வந்தா வா. வராட்டி அந்தக் கத்தரிய எடுத்துக் குடுத்துட்டுப் போ. வேல கெடக்குது" என்று மறுபடியும் மெஷினை மிதித்தார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லது செய்தார், அதனால் கம்பெனி அமோகமாக வளர்ந்தது என்று முடித்தால் படிக்கிறவர்களுக்கு இனிக்கும். அப்படி நடக்கவில்லை. சீருடை மூன்று நாள் தாமதமாகத்தான் போனது. பெங்களூர்க்காரர்கள் துணியை நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்தார்கள். பதினைந்து மெஷின் ஒரு வருடம் போர்வைக்குள் கிடந்தது. எங்கள் பதினெட்டுப் பேரில் பதிமூன்று பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தோம், ஐந்து பேர் வரவே இல்லை. அதற்கடுத்த வருடங்களில் வேறு ஆர்டர் பிடித்து, வேறு ஊர்ப் பெண்களையும் சேர்த்து, கம்பெனி நன்றாகவே வளர்ந்தது. வேனில் எல்லாரும் கலந்து உட்கார ஆரம்பித்ததுதான் அதற்குக் காரணமா என்று என்னைக் கேட்டால், தெரியாது. கொஞ்சம் இருக்கலாம். அவரைக் கேட்டால், "யாருக்குத் தெரியும்?" என்றுதான் சொல்வார். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசினால் மூன்று நிமிடத்துக்கு மேல் விடமாட்டார்.

தூது போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, பையை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தேன். மாமியார் பின்னாலேயே வந்தார். வேன் காலனிக்குப் போய்த் திரும்பி வந்து நின்றது. கதவு திறந்தது. கால் ஏற மறுத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏறினேன். கதவுக்குப் பக்கத்தில் செல்வி. அவள் பக்கத்து இடம் காலி. என்னைப் பார்த்ததும் அவள் பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க" என்றேன்.

இத்தனை வருடத்தில் அவளிடம் நான் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டும் வரை மாமியார் திட்டுவது கேட்டது.

கம்பெனி வாசலில் மாஸ்டரக்கா நின்றுகொண்டிருந்தார். ஊரைப் பகைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், கட்டிப் பிடிக்காவிட்டாலும் 'வாடி' என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆறு நாள் லீவு. லெட்டர் எங்க?" என்றார்.

உள்ளே போய் ஒரு தாள் வாங்கி, காய்ச்சல் காரணமாக ஆறு நாட்கள் வேலைக்கு வர இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"எந்த டாக்டரப் பாத்த?"

தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "நெசத்த எழுதினு வா."

இரண்டாவது தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் நேரம் பார்க்கவில்லை. வீட்டில் அதற்கு மானம் என்று பெயர், ஊரில் வழக்கம் என்று பெயர். அந்த இரண்டு வார்த்தையும் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். ஒரே வரிதான் வந்தது. 'வேனில் காலனிப் பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்து வந்ததால் நான் ஆறு நாட்கள் வேலைக்கு வரவில்லை.' கீழே என் பெயரை எழுதினேன். இவ்வளவு அசிங்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

மாஸ்டரக்கா படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "செல்விகிட்ட குடு. லீவு ஃபைலு இப்ப அவகிட்டதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போய்விட்டார்.

செல்வி மெஷினை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கினாள். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கிழித்து என் முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் தேவலை. அவள் தாளை என் பக்கம் திருப்பி, மேல் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"தேதி போடலீங்க" என்று சொல்லி, பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.